பிரஷர் இறங்கின பிறகும் ராமிப்ரில் எதற்கு?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: அப்பாவுக்கு 61 வயது, பல வருடமாகப் பிரஷருக்கு ராமிப்ரில் 2.5 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தார். போன மாதம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள், எக்கோவில் பம்பிங் 35 சதவீதம் என்று வந்திருக்கிறது. இப்போது பிரஷர் 110/70 தான், ஆனாலும் டாக்டர் அதே மாத்திரையை 5 மில்லிகிராமாக ஏற்றிவிட்டார். பிரஷரே இல்லாத ஆளுக்குப் பிரஷர் மாத்திரை எதற்கு, நிறுத்திவிடலாமா, கூடவே வறட்டு இருமலும் இருக்கிறதே என்கிறீர்கள்.

முதலில் அவசரமான பதிலைச் சொல்லிவிடுகிறேன்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரை இப்போது அப்பாவுக்குப் பிரஷருக்காகக் கொடுக்கப்படவில்லை, இதயத்துக்காகக் கொடுக்கப்படுகிறது. மருந்தியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இந்தக் குழப்பத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன்; மெஷினில் 110 என்று பார்த்ததும் வீட்டில் யாராவது ஒருவர் "இனிமே எதுக்கு, நிறுத்திடு" என்பார், பத்து நாளில் கால் வீங்கி மூச்சு வாங்கி மறுபடியும் அட்மிட் ஆவார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் எல்லாம் ஒரே குடும்பம், ஏஸ் இன்ஹிபிட்டர் என்பார்கள். கடையில் கார்டேஸ், என்வாஸ் என்ற பிராண்டுகளில் கிடைப்பவை இவைதான். இவை என்ன செய்கின்றன என்று புரிய வேண்டுமென்றால் இதயத்தை விட்டுவிட்டு முதலில் சிறுநீரகத்துக்குப் போக வேண்டும்.

தனக்கு வந்து சேரும் ரத்தத்தின் அழுத்தம் குறைந்தாலோ உடம்பில் உப்பு குறைந்தாலோ, சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை ரத்தத்தில் விடும். கல்லீரல் தயாரிக்கும் ஒரு பெரிய புரதம் ரத்தத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதிலிருந்து ரெனின் ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுக்கும். பத்து அமினோ அமிலம் நீளமுள்ள அந்தத் துண்டுக்குப் பெயர் ஆஞ்சியோடென்சின் 1. அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ரத்தத்தோடு அது நுரையீரல் வழியாகப் போகும்போது, அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களின் உள்சுவரில் உட்கார்ந்திருக்கும் ஏஸ் என்ற இன்னொரு நொதி கடைசி இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கிவிடும். மிச்சமிருக்கும் எட்டுதான் ஆஞ்சியோடென்சின் 2, உடம்பில் ரத்தக்குழாயைச் சுருக்கும் பொருட்களில் மிகவும் வலுவானவற்றில் ஒன்று. குழாயைச் சுருக்குவதோடு அது நிற்காது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும், அந்த ஆல்டோஸ்டிரோன் சிறுநீரில் போக வேண்டிய உப்பையும் அதோடு சேர்ந்த தண்ணீரையும் திரும்ப உடம்புக்குள் இழுத்துவிட்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். தாகத்தையும் தூண்டும்.

இதெல்லாம் கெட்ட காரியம் இல்லை. விபத்தில் ரத்தம் நிறையப் போனவரையும் வாந்திபேதியில் வற்றிப்போனவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை உயிரோடு வைத்திருப்பதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. தேவையில்லாத நேரத்தில் ஓடும்போதும், ஓட ஆரம்பித்து நிற்காமல் போகும்போதும்தான் சிக்கல்.

பிரஷர் விஷயத்தை வேகமாக முடித்துவிடலாம். ஏஸ் நொதியை மாத்திரை அடைத்துவிட்டால் ஆஞ்சியோடென்சின் 2 குறையும், குழாய்கள் தளரும், உப்பும் நீரும் கொஞ்சம் வெளியேறும், அழுத்தம் இறங்கும். குழாயை விரிக்கும் வேறு சில மருந்துகளில் நடப்பது போல நெஞ்சு படபடவென்று அடிக்காது, இது ஒரு நல்ல குணம். முழுப் பலன் தெரிய சில வாரம் ஆகும், மூன்றாம் நாளே மெஷினை வைத்துப் பார்த்துவிட்டு மாத்திரை கேட்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. ஒரு மாத்திரை போதாதவர்களுக்கு அம்லோடிபினோ நீர் பிரியும் மாத்திரையோ சேர்ப்பார்கள், நல்ல ஜோடி. அம்லோடிபினால் வரும் கணுக்கால் வீக்கம்கூட இது சேர்ந்தால் குறையும்.

இனி அப்பாவின் விஷயம். மாரடைப்பில் இதயத் தசையின் ஒரு பகுதி செத்துவிட்டது, மிச்சத் தசை ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே இருக்கும் ரத்தத்தில் 35 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளுகிறது (சாதாரணமாக 55க்கு மேல் இருக்கும்). அப்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. இதயம் பலவீனமானதா, உடம்பிலிருந்து ரத்தம் வெளியே போய்விட்டதா என்று பிரித்துப் பார்க்கச் சிறுநீரகத்துக்கு வழியே கிடையாது. அதற்குத் தெரிவது ஓட்டம் குறைந்தது மட்டும்தான். உடனே ரெனினை விடுகிறது. ஆஞ்சியோடென்சின் 2 ஏறுகிறது, குழாய்கள் சுருங்குகின்றன, உப்பும் நீரும் சேர்கின்றன. ரத்தம் வெளியே போன ஆளுக்கு உயிர்காத்த அதே வேலை இங்கே நேர் எதிராகத் திரும்புகிறது. பழைய மோட்டார் ஒன்று திணறிக்கொண்டிருக்கும்போது தொட்டியில் தண்ணீரையும் கூட்டிவிட்டு, வெளியே போகும் ஹோஸையும் காலால் மிதித்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும், அப்படித்தான். சேர்ந்த நீர் காலில் வீக்கமாகவும் நுரையீரலில் மூச்சுத்திணறலாகவும் தெரியும். இதயம் இன்னும் களைக்கும், ஓட்டம் இன்னும் குறையும், சிறுநீரகம் இன்னும் ரெனின் விடும். சுற்றிச் சுற்றி வரும்.

இதில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சேதமும் உண்டு. ஆஞ்சியோடென்சின் 2 இதயத் தசையிலேயே நேரடியாக வேலை செய்து, தசையைத் தடிக்க வைத்து, இடையிடையே நார்த்திசுவைச் சேர்க்கும். மாரடைப்புக்குப் பிறகு வரும் வாரங்களில் இதயத்தின் இடது அறை மெல்ல விரிந்து உருண்டையாக மாறுவதில் இதற்குப் பெரிய கை இருக்கிறது. ஏஸ் இன்ஹிபிட்டர் இந்த மூன்று இடத்திலும் கை வைக்கிறது: குழாய் தளர்கிறது, நீர் சேர்வது குறைகிறது, இதயம் உருமாறுவது தடைபடுகிறது. மூன்றாவது வேலை பிரஷர் மெஷினில் தெரியவே தெரியாது, எக்கோவில்தான் தெரியும், அதுவும் மாதக்கணக்கில்.

"அழுத்தம் குறைந்ததால்தான் நன்மை, அது ஏற்கனவே குறைந்துவிட்டதே" என்று கேட்கலாம். இதற்குப் பதில் 1986லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் ஹார்ட் பெயிலியர் (இதயம் உடம்புக்குத் தேவையான ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும் நிலை) உள்ளவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதில் ஒரு பிரிவினருக்கு பிராசோசின் கொடுத்தார்கள், அதுவும் குழாயை விரித்துப் பிரஷரை இறக்கும் மருந்துதான். ஆனால் அதைச் சாப்பிட்டவர்களின் இறப்பு விகிதத்துக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் இறப்பு விகிதத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அடுத்த வருடமே, 1987ல், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து மூன்று நாடுகளிலும் நடந்த கன்சென்சஸ் ஆய்வின் முடிவு வெளியானது. எடுத்துக்கொண்டவர்கள் 253 பேர், எல்லோரும் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள், உட்கார்ந்திருந்தாலே மூச்சு வாங்குகிற நிலை. அன்றைக்கு இருந்த மற்ற மருந்துகளோடு பாதிப் பேருக்கு எனலாப்ரில், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஆறு மாதத்தில் வெற்று மாத்திரைப் பிரிவில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள், எனலாப்ரில் பிரிவில் 26 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஆய்வில் ஒரு சின்ன விவரம் எனக்கு எப்போதும் முக்கியமாகப் படும். தொடக்கத்தில் 5 மில்லிகிராமில் ஆரம்பித்தார்கள், சிலருக்குப் பிரஷர் மளமளவென்று இறங்கியது, அதனால் அப்படி ஆபத்துள்ளவர்களுக்கு ஆரம்ப அளவை 2.5 ஆகக் குறைத்தார்கள். இன்றைக்கும் டாக்டர்கள் 1.25லும் 2.5லும் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது இந்த அனுபவத்தின் வழியில்தான். குறிப்பாக, நீர் மாத்திரை நிறையச் சாப்பிட்டு உடம்பு வற்றியிருப்பவருக்கு முதல் டோஸிலேயே தலைசுற்றிக் கீழே விழ வாய்ப்பு உண்டு.

அப்புறம் சால்வ்ட் என்ற பெரிய ஆய்வு 1991ல் வந்தது, 2,569 பேர், எல்லோருக்கும் பம்பிங் 35 அல்லது அதற்கும் கீழே, அதாவது உங்கள் அப்பாவின் அளவு. அங்கே எனலாப்ரில் இறப்பை 16 சதவீதம் குறைத்தது. உங்கள் அப்பாவுக்கு இன்னும் நெருக்கமானது 1992ல் வந்த சேவ் ஆய்வு: மாரடைப்பு வந்து சில நாட்களே ஆன, பம்பிங் 40 அல்லது அதற்குக் கீழே இருந்த, ஆனால் ஹார்ட் பெயிலியர் அறிகுறி வெளிப்படையாக இல்லாத 2,231 பேருக்குக் காப்டோப்ரில் கொடுத்துப் பார்த்தார்கள், இறப்பு 19 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு அது பிரஷர் மாத்திரையாகக் கொடுக்கப்படவில்லை. டோஸை ஏன் ஏற்றினார் என்று கேட்டீர்கள், அதற்கும் ஆய்வு இருக்கிறது. 1999ல் வெளியான அட்லஸில் லிசினோப்ரிலைக் குறைந்த அளவிலும் அதிக அளவிலும் கொடுத்து ஒப்பிட்டார்கள். அதிக அளவு சாப்பிட்டவர்கள் ஹார்ட் பெயிலியருக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தது கணிசமாகக் குறைந்தது, இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் தலைசுற்றல் இல்லாமல், கிட்னி ஒத்துழைக்கும்வரை, ராமிப்ரிலை மெல்ல மெல்ல ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம்வரை கொண்டுபோகப் பார்ப்பார்கள். 110/70 இருந்து, எழுந்து நடக்கும்போது கண் இருட்டாமல் இருந்தால் அது இந்த நோயில் நல்ல எண். மேல் எண் 90க்குக் கீழே போனாலோ எழுந்ததும் தள்ளாடினாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். பல நேரம் முதலில் குறைக்க வேண்டியது நீர் மாத்திரையாகவோ வேறு பிரஷர் மருந்தாகவோ இருக்கும், இது கடைசியாகத்தான்.

இந்த மருந்து எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இருமல் எதற்கு வருகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது. பிரேசிலில் ஜரராகா என்ற விரியன் வகைப் பாம்பு உண்டு. 1948ல் சாவ் பாவ்லோவில் ரோஷா இ சில்வாவும் அவர் கூட்டாளிகளும் அதன் விஷத்தை வைத்துச் செய்த சோதனையில், ரத்தத்திலிருந்தே ஒரு பொருள் வெளிப்பட்டுக் குழாய்களை விரிப்பதைக் கண்டார்கள். அதுதான் பிராடிகைனின். அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரைரா 1965ல் அதே விஷத்தில் இன்னொன்றைக் காட்டினார், பிராடிகைனின் சீக்கிரம் அழியாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு பொருள். அந்த விஷச் சாற்றை எடுத்துக்கொண்டு அவர் லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குப் போனார், அங்கே இருந்த பாக்லே அது ஏஸ் நொதியையும் அடைக்கிறது என்று கண்டார். காரணம் எளிது: ஆஞ்சியோடென்சினை வெட்டி வலுவாக்கும் நொதியும் பிராடிகைனினை வெட்டி அழிக்கும் நொதியும் ஒன்றேதான். பிறகு அமெரிக்காவில் ஸ்குவிப் கம்பெனியில் குஷ்மனும் ஒன்டெட்டியும் விஷத்திலிருந்த பெப்டைடை, அதாவது சின்னப் புரதத் துண்டை, வைத்து முயன்றார்கள், அது ஊசியாக மட்டுமே வேலை செய்தது, வாய்வழியாகக் கொடுத்தால் பலன் இல்லை. அதன் பிறகு அந்த நொதியின் வெட்டும் இடத்தில் போய்ச் சரியாகப் பொருந்தும்படி ஒரு சின்ன மூலக்கூற்றை அவர்களே யோசித்து வடிவமைத்தார்கள். அதுதான் காப்டோப்ரில், 1981ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நீங்கள் சாப்பிடும் மாத்திரையில் பாம்பு விஷம் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம். இவை முழுக்க ஆய்வகத்தில் தயாரிக்கப்படும் வேதிப்பொருட்கள்.

சரி, இருமல். ஏஸை அடைத்ததும் பிராடிகைனின் அழியாமல் சேர்கிறது. குழாய் விரிய அது ஓரளவு உதவும், ஆனால் மூச்சுக்குழாயில் சேரும்போது தொண்டையில் ஏதோ உறுத்துவது போல, சளியே இல்லாத வறட்டு இருமலைக் கிளப்பும். நூற்றில் ஐந்திலிருந்து இருபது பேர்வரை இது வரலாம், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். ஆரம்பித்து சில நாளிலும் வரும், சில மாதம் கழித்தும் வரும். இருமல் சிரப்பால் போகாது. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் அடங்கும், சிலருக்கு இன்னும் நாளாகும். மாற்று மருந்து இருக்கிறது: லோசார்ட்டான், வால்சார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்றவை ஆஞ்சியோடென்சின் 2 போய் ஒட்டும் இடத்தை அடைப்பவை, பிராடிகைனினைத் தொடாதவை, அதனால் இருமல் அரிது.

ஆனால் ஒன்றை நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். பம்பிங் 35 உள்ளவருக்கு இருமல் வந்தால் அது மாத்திரையால்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடாது. நுரையீரலில் நீர் கோத்தாலும் இருமல் வரும். படுத்தால் அதிகமாகிறதா, ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா, தலையணை ஒன்றுக்கு இரண்டாகிவிட்டதா, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறிவிட்டதா, கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? இதில் எது இருந்தாலும் அது நோய் முற்றுவதன் அறிகுறி, அப்போது மாத்திரையை நிறுத்துவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் தினமும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இதைவிடப் பயனுள்ள வேலை வீட்டில் செய்ய வேறு இல்லை என்றே சொல்வேன்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய பக்கவிளைவு ஒன்றுதான்: உதடு, நாக்கு, முகம், தொண்டை திடீரென்று வீங்குவது. இதுவும் பிராடிகைனின் வேலைதான். ஆயிரத்தில் சிலருக்குத்தான் வரும், ஆனால் மூச்சுக்குழாய் அடைத்துவிடலாம், மருந்து ஆரம்பித்து வருடங்கள் கழித்துக்கூட வரலாம். ஒரு தடவை வந்தால் வாழ்க்கையில் இந்தக் குடும்பத்து மாத்திரை எதையும் திரும்பத் தொடக்கூடாது.

அடுத்தது கிட்னியும் பொட்டாசியமும். மாத்திரை ஆரம்பித்தாலோ ஏற்றினாலோ ஒன்று இரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு), பொட்டாசியம் இரண்டையும் பார்க்க வேண்டும். டாக்டர் எழுதித் தர மறந்திருந்தால் நீங்களே கேளுங்கள். ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.1 இருந்தது 1.3 ஆகியிருந்தால் லேப் அதைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கும், பார்த்ததும் பயம் வரும். பயப்பட வேண்டாம். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் முடிச்சிலிருந்து வெளியேறும் குழாயை ஆஞ்சியோடென்சின் 2 இறுக்கிப் பிடித்து உள் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிடி தளர்வதால் வடிகட்டல் கொஞ்சம் குறைந்து இந்த எண் ஏறுகிறது. முப்பது சதவீதம்வரை ஏறி அங்கேயே நின்றால் பொறுத்துக்கொள்வார்கள். இதே தளர்வுதான் சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைத்து நாளடைவில் கிட்னியைக் காப்பாற்றுகிறது, "இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்ற பேச்சை அப்படியே நம்பாதீர்கள். முப்பதைத் தாண்டினாலோ ஏறிக்கொண்டே போனாலோ காரணம் தேட வேண்டும். இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருந்தால் இப்படி ஆகும், அவர்களுக்கு இந்த மருந்து ஆகாது.

பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால் அலட்சியம் வேண்டாம், இதயத் துடிப்பையே குழப்பிவிடும். ஆல்டோஸ்டிரோன் குறைவதால் பொட்டாசியம் வெளியேறுவதும் குறைகிறது, இது மருந்தின் இயல்பு. ஹார்ட் பெயிலியருக்கு இதோடு ஸ்பைரோனோலாக்டோனும் கொடுப்பது வழக்கம், அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். இந்த நிலையில் பிரஷருக்கு நல்லது என்று விளம்பரப்படுத்தப்படும் லோ சோடியம் உப்பை வீட்டுக்கு வாங்கி வராதீர்கள், அதில் சோடியத்துக்குப் பதிலாகப் போட்டிருப்பது பொட்டாசியம் குளோரைடு. தினமும் இளநீர் குடிக்கும் பழக்கத்தையும் ரிப்போர்ட் பார்த்து டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடருங்கள். முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுவதை அடியோடு நிறுத்துங்கள். ராமிப்ரில், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் நல்ல கிட்னியும் சில நாளில் சுருண்டுவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். வாந்தியோ பேதியோ வந்து சாப்பிட முடியாமல் கிடந்தால், அந்த ஓரிரு நாள் மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள், பல நேரம் நிறுத்தச் சொல்வார்கள். அப்பா விஷயத்துக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் இதைச் சாப்பிடவே கூடாது, வயிற்றிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வீட்டில் ஒருவர் மாத்திரையை இன்னொருவர் எடுத்துப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை போகும்போது டாக்டர் இருமலுக்காகச் சார்ட்டான் வகைக்கு மாற்றலாம், அல்லது சாக்குபிட்ரில் வால்சார்ட்டான் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றலாம். 2014ல் வந்த பாரடைம் ஆய்வில் இந்தக் கூட்டு மாத்திரை எனலாப்ரிலையே முந்தியது, விலைதான் கூடுதல். எதற்கு மாற்றினாலும் ராமிப்ரில் நின்றுவிட வேண்டும், இரண்டும் சேர்ந்து ஓடக்கூடாது. ராமிப்ரிலையும் டெல்மிசார்ட்டானையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆன்டார்கெட் ஆய்வில் கூடுதல் பலன் ஒன்றும் கிடைக்கவில்லை, கிட்னித் தொந்தரவுதான் கூடியது. சாக்குபிட்ரிலும் பிராடிகைனின் அழிவதைத் தடுக்கும் மருந்து, ஆகவே இரண்டும் உடம்பில் ஒன்றாக இருந்தால் முகமும் தொண்டையும் வீங்கும் ஆபத்து எகிறும். அதனால் கடைசி ராமிப்ரிலுக்கும் முதல் சாக்குபிட்ரிலுக்கும் நடுவில் 36 மணி நேரம் கட்டாயம் விட வேண்டும். மிச்சமிருக்கும் ராமிப்ரில் பட்டையை அன்றைக்கே அப்பாவின் மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள்.